டக்டக் அண்ணன் தட்டிய கதவு

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே மரியாதை தெரிந்த மனிதர் யார் என்று என்னை யாராவது கேட்டால், யோசிக்காமல் டக்டக் அண்ணனைத்தான் சொல்வேன். மனிதர்களிடம் மரியாதையாக நடப்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். துணி காயவைக்கும் மெஷினிடம் அனுமதி கேட்டுவிட்டுப் பட்டனை அழுத்துகிற ஆளை நான் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், தஞ்சாவூருக்கு வெளியே புறவழிச்சாலை ஓரம் ஒரு பெரிய லாண்டரியில் ஆபீஸ் வேலை பார்த்தேன். லாண்டரி என்றதும் தெருமுனை இஸ்திரி வண்டியை நினைத்துவிடாதீர்கள். ஒரு பழைய நெல் குடோனை வளைத்துப்போட்டு மெஷின்களால் நிரப்பிய இடம் அது. சுற்றுவட்டார ஹோட்டல், லாட்ஜ், கல்யாண மண்டபம், ஆஸ்பத்திரி எல்லாவற்றின் அழுக்கும் காலையில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். சாயங்காலம் வெள்ளை வெளேரென்று திரும்பிப் போகும். ஒரு பக்கம் வாஷர்கள். அடுத்து, ஈரத்தைச் சுழற்றிப் பிழிந்தெடுக்கிற ஹைட்ரோ. அது சுற்றும்போது கொட்டகையே கும்பகோணத்துக்குக் கிளம்பிவிடுமோ என்று தோன்றும். அதற்கப்புறம் மூன்று ட்ரையர். ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டி தாராளமாகப் படுத்துத் தூங்கும் அளவு. கடைசியில் 'கேலண்டர்' என்று ஒரு சூடான உருளை. ஈரப் போர்வையை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளமாக வரும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். ஐம்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒருவர், காக்கி டிரவுசர், தலையில் ஈரத்துண்டு, ட்ரையர் முன்னால் போய் நின்றார். கதவு சாத்தியிருந்தது. விரலை மடக்கி, பெரிய மனிதர் வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி பதவிசாக 'டக், டக், டக்' என்று தட்டினார்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா சொல்லிடுங்க. பட்டன் போடப்போறேன்!"

குரல் அப்படியொரு குரல். அவர் ரகசியம் பேசினாலே பக்கத்து ரைஸ்மில்லில் விசாரிப்பார்கள். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பட்டனை அழுத்தினார். ட்ரையர் சுற்றியது. அடுத்த ட்ரையருக்குப் போனார். 'டக், டக், டக்.'

நான் பயந்துபோய், துணி மடிக்கிற மேஜையில் இருந்த கலாவைப் பார்த்தேன். கலா அந்தக் கொட்டகையின் அறிவிக்கப்படாத கலெக்டர். "புதுசா இருக்கறதால அப்படித்தான் இருக்கும். நாலு நாளு போனா நீங்களே அந்த மெஷினுக்கு வணக்கம் சொல்லுவீங்க" என்றாள்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. அதை வாசித்துக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். ஒரு காரணம், பெயர் அவருக்கே மறந்துவிட்டது. இன்னொரு காரணம், அவருக்குக் காது கேட்காது. ஹைட்ரோ பக்கத்திலேயே வருஷக்கணக்காக நின்றதில் காது இரண்டும் முக்கால்வாசி போய்விட்டது.

இங்கேதான் முதலாளிக்குக் கோபம் வரும். முதலாளி சிங்கப்பூரில் இதே தொழிலைப் பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, அப்பாவின் நிலத்தில் ஒரு பகுதியை விற்று இந்த லாண்டரியை ஆரம்பித்தவர். எதையும் வேகமாகச் செய்ய வேண்டும் அவருக்கு. லிஃப்ட் இருந்தால் லிஃப்டையும் தள்ளிவிட்டு ஓடுவார். அப்படிப்பட்டவர் முன்னால் ஒருவர் லோடுக்கு லோடு கதவைத் தட்டிக்கொண்டு நின்றால் எப்படி இருக்கும்?

ஒரு நாள் பொறுக்க முடியாமல் காதோரம் போய்க் கத்தினார். "யோவ்! உனக்குத்தான் காதே கேக்காதே! உள்ளேருந்து ஒருத்தன் கத்தினாலும் உனக்கு எப்படிய்யா தெரியும்?"

டக்டக் அண்ணன் நிதானமாகச் சொன்னார். "எனக்குக் கேக்காதுங்க மொதலாளி. உள்ள இருக்கறவங்களுக்குக் கேக்கும்ல?"

சிங்கப்பூரிலும் அவருக்கு இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை.

"கதவைத் திறந்து பாத்துட்டாப் போதுமே அண்ணே?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "நாப்பது போர்வை கெடக்கும்மா உள்ள. நடுவுல ஒரு ஆள் கெடந்தா கண்ணுக்கு எங்க தெரியும்?" என்றார். கதவில் ஒரு வட்டக் கண்ணாடி இருந்தது. பஞ்சும் நீராவியும் படிந்து படிந்து அது கண்புரை விழுந்த கண்ணாகிவிட்டிருந்தது.

இது ட்ரையரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் தொடாத இடம் கிடையாது. சட்டைப் பை நிறைய ஊக்கு வைத்திருப்பார். கேலண்டர் பக்கம் எந்தப் பெண் போனாலும் "முந்தானை!" என்று ஒரு சத்தம் வரும். உருளைக்குள் முந்தானை மாட்டினால் ஆளும் சேர்ந்து போக வேண்டியதுதான் என்பது அவர் கவலை. அது நியாயமான கவலைதான். ஆனால் ஒரு நாள் பெரிய ஹோட்டலிலிருந்து ஒரு மேனேஜரம்மா, எங்களுக்கு வேலை கொடுக்கலாமா என்று பார்க்க வந்தார். பட்டுச் சேலை, தொங்கத் தொங்க முந்தானை. முதலாளி "எங்க குவாலிட்டி பாருங்க மேடம்" என்று கேலண்டர் பக்கம் கூட்டிப்போனார். கொட்டகையே அதிர "முந்தானை!" என்றொரு சத்தம். அந்த அம்மா தூக்கிவாரிப்போட்டு மூன்றடி பின்னால் போனார். டக்டக் அண்ணன் ஓடிவந்து, தொட்டால் தப்பாகிவிடும் என்று, துணி எடுக்கிற நீளக் கிடுக்கியின் நுனியில் ஒரு ஊக்கை மாட்டி, சாமிக்குப் பூ நீட்டுகிற மாதிரி நீட்டினார்.

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். அந்த அம்மா ஊக்கைப் பார்த்தார், உருளையைப் பார்த்தார், பேசாமல் எடுத்துக் குத்திக்கொண்டார். வேலை எங்களுக்குக் கிடைத்தது. ஊக்கு திரும்பி வரவில்லை. அதை அண்ணன் ஆறு மாசம் சொல்லிக் காட்டினார்.

ஆஸ்பத்திரிப் போர்வை வந்தால் வேறு கூத்து. யாரையும் கையால் தொடவிடமாட்டார். கிடுக்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி உதறுவார். சில நாள் உள்ளேயிருந்து ஊசி விழும். போட்டுவிட்டு அப்படியே சுருட்டி அனுப்பிவிடுவார்கள் போலிருக்கிறது. அவர் ஒரு பிஸ்கட் டின்னில் அதையெல்லாம் சேர்த்துவைத்தார். டின் நிறைந்ததும் என்னிடம் வந்து, "ஒரு லெட்டர் எழுதித் தாங்க ஆபீஸம்மா" என்றார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'தாங்கள் அனுப்பிய ஊசிகள் எங்களிடம் பத்திரமாக உள்ளன. தயவுசெய்து ஆள் அனுப்பிப் பெற்றுக்கொள்ளவும். இனிமேல் அனுப்ப வேண்டாம்.' அதை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தனுப்பிவிட்டார். மறுநாள் முதலாளிக்கு வந்த போனை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு வந்த போர்வைகளில் ஊசி இல்லை என்பதை மட்டும் எழுதலாம்.

ட்ரைகிளீனிங் அறை தனி. பட்டுச்சேலை, கோட்டு எல்லாம் அங்கேதான். கெமிக்கல் வாடை தலையைச் சுற்றும். அதற்காக ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. முதலாளி போகிறபோது கரண்டு வீணாகிறது என்று அதை அணைப்பார். டக்டக் அண்ணன் வந்து போடுவார். முதலாளி அணைப்பார். அவர் போடுவார். இந்த விளையாட்டு ஒரு மாசம் நடந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை பார்த்தால், ஃபேனைப் போட்டுவிட்டு, அந்த ஸ்விட்சின் மேல் ஒரு முருகன் படத்தை ஒட்டியிருந்தார். முதலாளி வந்தார். கையை நீட்டினார். முருகன் சிரித்துக்கொண்டிருந்தார். சாமி முகத்தில் விரலை வைத்து அமுக்க முதலாளிக்கு மனசு வரவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அதற்கப்புறம் வேலை நேரத்தில் அந்த ஃபேன் நின்று நான் பார்த்ததில்லை.

இப்படி ஒரு ஆள் இருந்தால் கேலி செய்யாமல் இருப்பார்களா? வேன் ஓட்டுகிற செல்வம் ஒரு நாள் எல்லோரிடமும் கண்ணைக் காட்டிவிட்டு, ட்ரையருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அண்ணன் வந்தார். தட்டினார். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

செல்வம் பெண் குரலில் ஆரம்பித்தான். "ஐயோ, நான் இருக்கேங்க! போட்றாதீங்க! எனக்கு ரெண்டு புள்ளைங்க இருக்கு!"

மடிக்கிற மேஜையே குலுங்கியது. கலா வாயில் தலையணை உறையை அடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. செல்வம் குரலை ஏற்றிக்கொண்டே போனான். அண்ணன் வழக்கம்போலக் கொஞ்ச நேரம் நின்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பட்டனை அழுத்திவிட்டார்.

ட்ரையர் சுற்ற ஆரம்பித்ததும் எங்கள் சிரிப்பு ஒரு மாதிரி தேய்ந்துபோனது. அவர் திரும்பிப் பார்த்து, "என்னா, எல்லாரும் சிரிக்கிறீங்க?" என்றார். கலா கிட்டே போய் விஷயத்தைச் சொன்னாள். கோபத்தில் கத்தப்போகிறார் என்று செல்வம் நாலடி தள்ளி நின்றான்.

அவர் ட்ரையரை நிறுத்தினார். "எத்தினி தடவடா கத்துன?"

"ஒரு அஞ்சாறு தடவ இருக்கும்ணே. சும்மா வெளையாட்டுக்கு..."

"ஒண்ணுகூட விழலயேடா எனக்கு."

அன்றைக்கு மத்தியானம் அவர் சாப்பிடவில்லை. போர்வை மூட்டை மேல் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம் போண்டா வாங்கிவந்து நீட்டி, "மன்னிச்சிடுங்கண்ணே" என்றான். "மன்னிப்பு எதுக்குடா? நல்லவேளை நீ வெளையாடுன. இல்லாட்டி எனக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார். போண்டாவையும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை வசனம் மாறியிருந்தது. மூன்று தட்டு. பிறகு: "உள்ள யாராச்சும் இருக்கீங்களா? இருந்தா கத்தாதீங்க, எனக்குக் கேக்காது. கதவைத் தட்டுங்க. அஞ்சு எண்ணுவேன்!" சொல்லிவிட்டு உள்ளங்கையை விரித்துக் கதவில் வைத்து, ஒண்ணு, ரெண்டு என்று சத்தமாக எண்ணினார். கைக்குக் காது முளைத்துவிட்டது என்று கலா சொன்னாள். முதலாளி என்னிடம், "ஏற்கெனவே அரை நிமிஷம் வீணாக்கினான். இப்ப முழு பூஜையே நடத்துறாம்மா" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன்.

திருக்கடையூர் லாட்ஜ்கள் எங்களுக்குப் பெரிய வாடிக்கை. அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிற கூட்டம் தங்கிவிட்டுப் போனால், சந்தனமும் குங்குமமும் மஞ்சளும் அப்பிய போர்வைகள் வேன் வேனாக வரும். ஒரு நாள் காலை லாட்ஜிலிருந்து நம்பர் வாங்கி ஒரு அம்மா போன் செய்தார். முதல் நாள் அவர் கணவருக்கு அறுபதாம் கல்யாணம். அந்த அம்மாவின் தம்பி, அக்கா வீட்டுக்காரருக்கு ஒரு மோதிரம் போட்டிருக்கிறார். அதைக் காணவில்லை. தலையணைக்கு அடியில் வைத்திருப்பார், போர்வையோடு சேர்ந்து உங்களிடம் வந்திருக்கும் என்று ஒரே அழுகை. "அது சாதாரண மோதிரம் இல்லம்மா. எங்க தம்பி இத்தினி வருஷம் பேசாம இருந்துட்டு, நேத்துதான் வந்து போட்டான்" என்றார். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போன். நானும் மூட்டையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டேன். இல்லை. மிச்சம் இருந்தது ரெண்டாம் நம்பர் ட்ரையரில் அப்போதுதான் போட்ட லோடு.

மத்தியானம் கரண்டு போனது. ட்ரையர் சுற்ற ஆரம்பித்த உடனே நின்றுவிட்டது. ஜெனரேட்டரில் விளக்கு எரியும், ட்ரையர் ஓடாது. எல்லோரும் சாப்பிடப் பின்பக்கம் போய்விட்டார்கள். கொட்டகையில் அப்படியொரு அமைதியை நான் கேட்டதே இல்லை. ட்ரையர் கதவைத் திறந்து செல்போன் வெளிச்சத்தை அடித்தேன். உள்ளே ஆழத்தில், சுற்றுகிற ட்ரம்மின் தகட்டு ஓட்டை ஒன்றில் எதுவோ மின்னியது.

ஆபீஸ்காரர்கள் மெஷின் பக்கம் போகக் கூடாது, போனாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்று டக்டக் அண்ணன் எனக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவர் பின்பக்கம் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கரண்டுதான் இல்லையே, ரெண்டு நிமிஷ வேலை என்று நினைத்தேன். அப்போது நான் இப்போது இருக்கிற உடம்பில் பாதி இருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரப் போர்வைகளுக்கு நடுவே தவழ்ந்து உள்ளே போய்விட்டேன்.

ட்ரம் சும்மா நிற்கவில்லை. என் கனத்துக்கு மெல்ல ஆடிச் சாய்ந்தது. போர்வைகள் சரிந்து இடுப்புக்கு மேல் விழுந்தன. ஒருவழியாகக் கையை நீட்டி அந்த மின்னியதைப் பிடுங்கினேன். ஊக்கு.

அந்த நேரம் பார்த்து வெளியே முதலாளி குரல். யாரிடமோ போனில் பேசிக்கொண்டே வந்தார். "...இல்லைங்க, கரண்டு வந்ததும் அனுப்பிடறோம்... இங்க பாரு, கதவைத் தெறந்துபோட்டுட்டுச் சோறு திங்கப் போயிட்டாங்க, சூடெல்லாம் போவுது..." டம் என்று கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுகிற சத்தம் கேட்டது. செல்போன் கை நழுவி எங்கோ போர்வைக்குள் போனது. இருட்டு.

"சார்!" என்று கத்தினேன். அதே நொடியில் கரண்டு வந்தது.

வாஷர், ஹைட்ரோ, ஃபேன் எல்லாம் ஒன்றாக உயிர்பெற்றன. ட்ரையர் மட்டும் மறுபடி பட்டன் போட்டால்தான் சுற்றும். என் குரல் எனக்கே கேட்கவில்லை. கத்தினேன், கத்தினேன், தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். கதவைத் தள்ளியும் பிரயோசனமில்லை. அது வெளியிலிருந்து திறக்கிற கதவு. கை இரண்டும் ஈரப் போர்வையில் சுற்றிக்கொண்டு வர மறுத்தன. அந்த மெஷின் சுற்றினால் என்ன ஆகும் என்று தினமும் கண்ணாரப் பார்த்தவள் நான். என் மகளுக்கு அப்போது நாலு வயசு. பால்வாடியிலிருந்து மூன்று மணிக்கு அழைத்துவர வேண்டும். அந்த இருட்டில் எனக்குச் சாமி யாரும் ஞாபகம் வரவில்லை. மூன்று மணிக்கு அவளை யார் கூட்டிவருவார்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

டக். டக். டக்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

அந்தக் குரலை எந்த ஹைட்ரோவாலும் அமுக்க முடியாது. பக்கத்திலேயே முதலாளி அவருக்குக் கேட்கட்டும் என்று கத்துவதும் கேட்டது. "யோவ், பூஜையை நிறுத்திட்டுப் போடுய்யா! வேன் வந்து நிக்குது!"

"இருந்தா கத்தாதீங்க, எனக்குக் கேக்காது. கதவைத் தட்டுங்க. அஞ்சு எண்ணுவேன். ஒண்ணு..."

கையை இழுத்தேன். வரவில்லை.

"ரெண்டு..."

கால். வலது கால் கொஞ்சம் அசைந்தது.

"மூணு..."

போர்வையை உதறிக் காலை வெளியே எடுத்து, குதிகாலால் கதவை ஓங்கி உதைத்தேன். இன்னொன்று. இன்னொன்று.

"நா..." என்ற குரல் பாதியில் நின்றது.

ஒரு யுகம் போனது. பிறகு அதே பதவிசான குரல்: "இன்னொரு தடவ தட்டுங்க?"

வாழ்க்கையில் அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு தடவைதான். வந்த கோபத்தையெல்லாம் சேர்த்து உதைத்தேன். கதவு திறந்தது.

வெளிச்சத்தில் அவர் முகம். என்னைப் பார்த்தார். கிடுக்கி கையிலிருந்து விழுந்தது. அப்படியே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சந்தனமும் குங்குமமுமாக ஒரு போர்வையை இழுத்துக்கொண்டு, என் பாட்டுக்கு நானே இறங்கி வந்தேன்.

"பதினோரு வருஷமா கேக்கறேம்மா" என்றார். "ஒருத்தரும் பதில் சொன்னதே இல்ல."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன். கலா ஓடிவந்து என் தலையைத் துவட்டிக்கொண்டே, காது கூசுகிற மாதிரி திட்டினாள். அவ்வளவு இனிமையான திட்டை நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை. செல்வம் சோடா வாங்க ஓடினவன், பதற்றத்தில் ஒரு கிரேட்டையே தூக்கிவந்துவிட்டான்.

முதலாளி மட்டும் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. வெளுத்துப்போயிருந்தார். "கதவைச் சாத்துனது நான்தாம்மா" என்றார். நான் சொல்லாமல் உள்ளே போனதுதான் தப்பு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அன்றைக்கு வேன் எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கேட்கவே இல்லை. என்னைத் தன் காரில் ஏற்றி, பால்வாடிக்கு அவரே கூட்டிப்போனார். மணி இரண்டரை. அரைமணி நேரம் வாசலில் காத்திருந்தோம். உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வெயில்கூட நன்றாக இருந்தது.

சோடா குடித்துக்கொண்டிருந்தபோதே அந்த அம்மாவின் போன் வந்ததைச் சொல்ல மறந்துவிட்டேன். மோதிரம் கிடைத்துவிட்டதாம். விரல் வீங்கியதால் கணவர் வேறு கையில் மாற்றிப் போட்டிருக்கிறார். காலையிலிருந்து ஒரு கையையே பார்த்துத் தேடியிருக்கிறார்கள். "உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன், தப்பா நெனைச்சுக்காதீங்க" என்றார். "பரவாயில்லைங்க. தம்பிகிட்ட நல்லா பேசிட்டிருங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அன்றைக்கு உலகத்தில் யார்மேலும் எனக்கு வருத்தமில்லை.

ஒரு வாரம் கழித்து அண்ணனிடம் கேட்டேன், இந்தத் தட்டுகிற பழக்கம் எப்படி வந்தது என்று. ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கனவில் சாமி வந்தது என்றுகூட ஒரு கட்சி இருந்தது.

"முன்னாடி வேற ஊர்ல வேல பாத்தேம்மா. பஞ்சு அடைச்சிருக்குன்னு ட்ரையருக்குள்ள எறங்கினேன். அங்க யாரும் தட்டல" என்றார். "ரெண்டு சுத்து சுத்தினேன். மூணாவது சுத்துக்கு கரண்டு போயிட்டுது. ஒரு விலா எலும்பு ஒடஞ்சதோட தப்பிச்சேன். அன்னிலேருந்து கரண்டு போனா ஊரே திட்டும், நான் மட்டும் திட்டமாட்டேன்."

அதன்பிறகு கொட்டகை மாறியது. ஒவ்வொரு ட்ரையருக்கும் பூட்டுப் போடுகிற மெயின் ஸ்விட்ச் வந்தது. உள்ளே இறங்குகிறவர் பூட்டிச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டும். கண்ணாடிகளை மாற்றினார்கள். உள்ளிருந்து தள்ளினாலும் திறக்கிற கதவு வந்தது. இவ்வளவும் வந்த பிறகும் முதலாளி உத்தரவு, எல்லோரும் தட்டிவிட்டுத்தான் பட்டன் போட வேண்டும். அவரே தட்டினார். ஒரு நாள் ஆபீஸ் பீரோவைத் தட்டிவிட்டுத் திறந்தார். நான் பார்த்ததும், "பழக்கதோஷம்மா" என்றார்.

அண்ணனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போய் மெஷின் வாங்கிக்கொடுத்ததும் முதலாளிதான். மாட்டிக்கொண்டு வந்த முதல் நாள், ஹைட்ரோ சுற்ற ஆரம்பித்ததும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். "இந்தச் சத்தத்துலயா இத்தினி வருஷம் இருந்தோம்? நீங்கள்லாம் எப்படி இருக்கீங்க?" அடுத்த வாரமே எல்லோருக்கும் காதடைப்பு வந்துவிட்டது. அவருக்குக் காது கேட்க ஆரம்பித்ததும் எங்களுக்கெல்லாம் கேட்காமல் போய், கலா ஊர்க்கதை முழுக்க ஜாடையில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் அவர், தன்னைப் பற்றி மடிக்கிற மேஜையில் பேசியதையெல்லாம் கேட்டு, முதல் நாளே மூன்று பேரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். மறுநாள் பழையபடி பேசினார்.

இப்போது நான் வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். அவர் நீடாமங்கலம் பக்கத்தில் சொந்த ஊரில் சம்சாரத்தோடு இருக்கிறார். மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர் நிலம், இரண்டு ஆடு. உடம்புக்கு ஒன்றுமில்லை. காது மெஷினுக்குப் போடுகிற சின்ன பேட்டரி அங்கே சரியாகக் கிடைப்பதில்லை. தீர்ந்தால் எனக்குத்தான் போன் வரும். "ஆபீஸம்மா, பேட்டரி!" என்று கத்திவிட்டு, நான் பேசுவது கேட்காததால் வைத்துவிடுவார்.

நான் தஞ்சாவூரில் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுவேன். கூரியரில் போட்டால் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடும் என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மைதான். இதுவரை ஒரு தடவைகூட நான் கூரியரில் போட்டதில்லை.